லாப்ரடோரும் பிள்ளையும் ஏறக்கூடிய பாவித்த ஸ்டேஷன் வாகன்: 70 இலட்சத்துக்குள் எது சரி?

ரெக்ஸ்_அப்பா (சனி, காலை 10.12)

எல்லோருக்கும் வணக்கம். தெஹிவளையில் இருக்கிறோம். வீட்டில் மனைவி, நான்கு வயது மகள், அப்புறம் ரெக்ஸ். ரெக்ஸ் லாப்ரடோர், 33 கிலோ. இப்போது ஓடுவது ஒரு ஆல்ட்டோ. பின் சீட்டில் மகளின் இருக்கையைப் பூட்டினால் மிச்ச இடத்தில் ரெக்ஸ் குந்திக்கொள்கிறான். மனைவி முன்னுக்கு இருந்தபடி பின்பக்கம் திரும்பித் திரும்பி இரண்டு பேரையும் அதட்டிக்கொண்டு வருவார். செயலியில் கூப்பிட்டால் வரும் டாக்சிக்காரர் நாயைக் கண்டதும் கான்சல் பண்ணிவிட்டுப் போகிறார். ஓட்டோக்காரர்களுக்குத்தான் பெரிய மனசு.

வருடத்தில் சில தடவை ஏ9 வீதி வழியாக யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்குப் போய் வருவோம். மற்றபடி காலி வீதி நெரிசல், மிருக வைத்தியர், பின்னேரத்தில் கல்கிசைக் கடற்கரை, அவ்வளவுதான். கையில் 70 இலட்சம் வரை உண்டு. ஓட்டோமட்டிக் வேண்டும், நாய் டிக்கியில், பிள்ளை சீட்டில். எஸ்யூவி எடுக்கச் சொல்லி அலுவலகத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஸ்டேஷன் வாகன்தான் (கூரை பின்னுக்கு நீண்டு, டிக்கி பெரிதாக உள்ள கார்) சரி என்று படுகிறது. உங்கள் அனுபவம் என்ன?

சும்மா_ஒருவன் (சனி, காலை 10.20)

ஒரு டிமோ பட்டா குட்டி லொறி வாங்கிப் பின்னுக்கு ஏற்றிவிடுங்கள் அண்ணா. காற்றோட்டமும் பிரச்சினையில்லை, மனைவியும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

பஞ்சிகாவத்தை_ரசிகன் (சனி, காலை 10.41)

பகிடியை விடுவோம். கேள்விக்கு விடை ஒன்றுதான்: டொயோட்டா கொரோலா பீல்டர், 141 மொடல், பெற்றோல், 1500 சிசி. 2006 கடைசியிலிருந்து 2012 வரை வந்தது. எஞ்சின் 1என்ஸெட், விட்ஸிலும் ஆக்சியோவிலும் புரோபொக்ஸிலும் இருக்கிற அதே எஞ்சின். டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை. பஞ்சிகாவத்தையில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் அதற்கு ஒரு பார்ட்ஸ் காலில் தட்டுப்படும். பின் கதவு, டிக்கி ஷொக், பின் லைட் எல்லாம் பாவித்தது கிடைக்கும்.

அதற்கு முந்தைய 121 மொடலும் நல்ல கார்தான், கியர்பொக்ஸ் பழைய நான்கு கியர் ஓட்டோ, அடித்தாலும் சாகாது. ஆனால் இப்போது எல்லாமே இருபது வயதை ஒட்டியவை அல்லது தாண்டியவை. 141 இல் சிவிடி, அதாவது கியர் படிகள் இல்லாத ஓட்டோமட்டிக். ஒயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் பயமில்லை. மாற்றியதற்கு பில் கேளுங்கள், "மாத்தினது மாத்தினது" என்று வாயால் சொன்னால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹைபிரிட்_குமார் (சனி, காலை 11.05)

ரசிகன் அண்ணா 2008 இலேயே நின்றுவிட்டார். கொழும்பு நெரிசலில் பெற்றோல் பீல்டர் குடிக்கிற அளவைப் பார்த்தால் அழுகை வரும். நான் ஓடுவது அடுத்து வந்த 165 மொடல் ஹைபிரிட் பீல்டர், பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓடுவது. எங்கள் வீட்டில் அல்சேஷன், அவனும் டிக்கியில்தான். பற்றரி பின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் டிக்கியில் ஒரு அங்குலமும் குறையாது.

நாய்க்காரருக்கு ஹைபிரிட்டில் இருக்கிற பெரிய நன்மையை யாரும் சொல்வதில்லை. டொயோட்டா ஹைபிரிட்டில் ஏசி கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடும். பம்பலப்பிட்டிச் சந்தியில் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்திருக்கும், ஏசி அதே குளிரில் ஓடும். சாதாரண காரில் ஐடிலில் நிற்கும்போது குளிர் இறங்கிவிடும், பின்னுக்கு இருக்கிற நாய் நாக்கைத் தொங்கவிடும்.

நுகேகொடை_வாணி (சனி, காலை 11.32)

என்னிடம் தெருவிலிருந்து எடுத்த இரண்டு பேர் இருக்கிறார்கள், இரண்டும் கலப்பு, ஒன்று 20 கிலோவுக்கு மேல். நான் புரோபொக்ஸ் ஓடுகிறேன், சிரிக்காதீர்கள். ஸ்டைல் இல்லைதான். பின்பக்கம் பெட்டி மாதிரி நேராக வெட்டிவிட்டிருக்கிறான். பீல்டரில் பின் கண்ணாடி சாய்வாக வருகிறது. நாய் நிமிர்ந்து நின்றால் தலை கூரையில் முட்டும், அல்லது கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வரும். புரோபொக்ஸில் அந்தப் பிரச்சினை இல்லை. பின் சீட்டை மடித்தால் தரை ஒரே மட்டம். கடற்கரை மணலோடு ஏறினால் ரப்பர் விரிப்பைக் கழற்றி உதறிவிட்டுப் போக வேண்டியதுதான்.

குறையையும் சொல்கிறேன். பின் சீட் பலகை போல மெல்லியது, முதுகு நேராக நிற்கும். கொக்குவில் வரைக்கும் அதில் ஒருவர் இருந்தால் இறங்கும்போது உங்களோடு கதைக்கமாட்டார். சத்தமும் அதிகம். வேன் வகையாக வந்தவை பல டூவல் பேர்ப்பஸ் (ஆளும் சாமானும் ஏற்றும் வாகனம்) பதிவில் இருக்கின்றன, நம்பர் ‘பி’ எழுத்தில் தொடங்கும். காப்புறுதி, லீசிங் எடுக்கும்போது அதைக் கவனித்துக் கேளுங்கள்.

பிள்ளை இருப்பதால் உங்களுக்கு நான் புரோபொக்ஸ் சொல்லமாட்டேன். பிள்ளை இல்லாவிட்டால் வேறு பேச்சே வேண்டாம் என்பேன்.

ரெக்ஸ்_அப்பா (சனி, நண்பகல் 12.15)

நன்றி வாணி அக்கா, அப்படி நேரடியாகச் சொன்னது உதவி. எஸ்யூவி பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

மிருகவைத்தியர்_கொழும்பு6 (சனி, பிற்பகல் 1.03)

நான் சொல்கிறேன். என்னிடம் வரும் லாப்ரடோர்களில் இடுப்பு மூட்டுப் பிரச்சினை உள்ளவை நிறைய. அந்த இனத்தின் தலையெழுத்து அது. எஸ்யூவியின் டிக்கித் தரை நாய்க்குக் கழுத்தளவு உயரம். பாய்ந்து ஏறுவதைவிடக் குதித்து இறங்குவதுதான் கூடாது, முழு எடையும் முன்கால் மூட்டில் விழும். இப்போது இளசாக இருக்கிறான், பாய்வான். எட்டு வயதில் 33 கிலோவை நீங்கள்தான் தூக்க வேண்டும். ஸ்டேஷன் வாகனில் டிக்கி வாசல் ஆளின் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், பம்பருக்கும் தரைக்கும் நடுவில் பெரிய படியும் இருக்காது. அதைத்தான் பார்க்க வேண்டும். லீட்டர் கணக்கில் கொள்ளளவு பார்ப்பது சூட்கேஸ்காரருக்கு.

வாங்கப் போகும்போது அளவு நாடா கொண்டுபோங்கள். ரெக்ஸின் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு அளவு, நிற்கும்போது தலை உச்சி வரை ஒரு அளவு. டிக்கியில் சக்கரக் கூடுகளுக்கு இடைப்பட்ட அகலத்தையும், கதவு மூடிய நிலையில் கூரை உயரத்தையும் எடுங்கள். பெரிய லாப்ரடோருக்கு விற்கும் 42 அங்குலக் கம்பிக் கூண்டு 107 சென்றிமீற்றர் நீளம், 70 சொச்சம் அகலம், 76 சொச்சம் உயரம். இந்த அளவு கார்களில் அது உள்ளே போகாது, போனாலும் கதவு மூடாது. கூண்டை மறந்துவிட்டுக் கம்பித் தடுப்பை யோசியுங்கள்.

வெப்பம் பற்றி ஒன்று. நாய்க்கு வியர்த்துக் குளிர முடியாது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கொழும்பின் ஈரக்காற்றில் அந்த வழியும் பாதிதான் வேலை செய்யும். வெளியில் 31 பாகை என்றால் நிறுத்திய காருக்குள் அரை மணித்தியாலத்தில் 45 ஐத் தாண்டும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி விடுவதில் பெரிய மாற்றம் வராது. "ஐந்து நிமிடம், மருந்துக் கடைக்கு" என்று விட்டுப்போன நாய்களை நான் மேசையில் பார்த்திருக்கிறேன். உடல் வெப்பம் 41 பாகை செல்சியஸைத் தாண்டினால் அவசர நிலை. சாதாரண தண்ணீரை உடம்பில் ஊற்றிக் காற்றுப்படச் செய்தபடி நேரே வைத்தியரிடம் கொண்டுவாருங்கள்.

டிக்கிக்குள் ஏசி துவாரம் இந்த வகைக் கார்களில் இல்லை. முன்னால் வரும் குளிர் சீட்டுக்கு மேலால் பின்னுக்குப் போக வேண்டும். அதனால் துணி மறைப்பைக் கழற்றிவிடுங்கள், முன் துவாரங்களைக் கூரையை நோக்கித் திருப்புங்கள். ஜப்பான் கார்களில் பின் கண்ணாடிகள் கம்பனியிலிருந்தே கறுப்பாக வருபவை உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் நல்லது.

சும்மா_ஒருவன் (சனி, பிற்பகல் 1.10)

டொக்டர் எழுதியதை வாசித்ததும் என் பழைய லான்சருக்குள் நானே இனி இருக்கமாட்டேன். ஏசி செத்து இரண்டு மழைக்காலம்.

கொட்டாஞ்சேனை_பாஸ் (சனி, மாலை 6.48)

கராஜ் மூடியபிறகுதான் எழுத நேரம் கிடைத்தது. குமார் தம்பி சொன்ன ஏசி கதை சரி. ஆனால் அவர் மறைத்த கதையை நான் சொல்ல வேண்டும்.

டொயோட்டா ஹைபிரிட்டின் பற்றரியைக் குளிர வைப்பது காருக்குள் இருக்கும் காற்று. பின் சீட்டின் கீழ்ப்பக்கத்தில் சின்ன வலை மாதிரி ஒரு வாய் இருக்கும், உள்ளே ஒரு விசிறி அந்த வழியாகக் காற்றை இழுக்கும். அது இழுக்கும்போது நாய் மயிரையும் இழுக்கும். போன மாதம் ஒரு டொயோட்டா அக்வா ஹைபிரிட் வந்தது, வீட்டில் கோல்டன் ரிட்ரீவர். அந்த வாயைக் கழற்றினால் உள்ளே மயிர் கம்பளி போட்டது போல அடர்த்தியாகப் படிந்திருக்கிறது. விரலால் பிடித்து இழுத்தேன், ஒரே துண்டாக வந்தது. விசிறியின் இதழ்களிலும் சுற்றிக்கொண்டிருந்தது. பற்றரி சூடாகிச் சூடாகி செல் இரண்டு போய்விட்டது. ஓடும்போது சிவப்பு முக்கோணம் எரிந்ததும்தான் கொண்டுவந்தார்கள்.

அதற்காக ஹைபிரிட் வேண்டாம் என்று சொல்லவில்லை. சர்விஸுக்கு வரும்போதெல்லாம் அந்த வாயையும் விசிறியையும் திறந்து துப்புரவு செய்யச் சொல்லுங்கள். பெரிய செலவில்லை. ஆனால் பாவித்த ஹைபிரிட் வாங்கும்போது முதல் ஆள் செய்தாரா என்பதுதான் கேள்வி. ஸ்கேனர் போட்டு செல்களின் வோல்ட் வித்தியாசம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஹொண்டா பற்றியும் கேட்பீர்கள். பிட் ஷட்டில், 2011 இல் வந்தது. பெற்றோல் டாங்கி முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் டிக்கித் தரை நன்றாகப் பதிந்திருக்கும், நாய் ஏற அருமை. அதற்கு முந்தைய எயார்வேவும் அப்படித்தான், ஆனால் கூரையில் பெரிய கண்ணாடி உள்ளதை வாங்காதீர்கள், இந்த வெயிலுக்கு அது அடுப்பு. பிட் ஷட்டில் ஹைபிரிட்டில் ஏசி எஞ்சின் பெல்ட்டில் ஓடுகிறது, சிக்னலில் எஞ்சின் அணைந்தால் குளிர் குறையும். 2015 இல் வந்த ஷட்டில் ஹைபிரிட்டில் உலர் கிளச் இரண்டு உள்ள ஏழு கியர் பெட்டி. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளச் சூடேறும். கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் மாட்டினால் எச்சரிக்கை விழுந்து ஓரம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். நல்ல கார், ஆனால் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாமல் வாங்கும் கார் இல்லை.

ஹைபிரிட்_குமார் (சனி, இரவு 7.15)

பாஸ் அண்ணா, மறைக்கவில்லை, நான் சுத்தம் பண்ணுவேன். சீட்டுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணி ஒன்றும் ஒட்டியிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை_பாஸ் (சனி, இரவு 7.22)

அந்தத் துணியைக் கழற்றுங்கள் தம்பி. அதிலும் மயிர் படிந்தால் காற்று வராது, துணி போட்டதால் கழுவத் தேவையில்லை என்று நீங்களும் மறந்துவிடுவீர்கள். வாயைத் திறந்து வையுங்கள், அடிக்கடி வக்கியூம் போடுங்கள்.

யாழ்தேவி_பயணி (ஞாயிறு, காலை 6.30)

பிள்ளைகளே, ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். நான் ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், அதனால் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 13.9 மீற்றர். 33 கிலோ நாயின் இயக்கச் சக்தி 3,000 ஜூலுக்கு மேல். கார் எதிலாவது மோதி, நாய் அரை மீற்றர் தூரத்துக்குள் நிற்கிறது என்று வைத்தால், சராசரி விசை 6,000 நியூட்டனுக்கு மேல். அதாவது 600 கிலோவுக்கு மேற்பட்ட எடை ஒரு கணம் பின் சீட்டின் முதுகில் சாய்கிறது. அந்த முதுகில் சாய்ந்துகொண்டிருப்பது யார்? உங்கள் மகள். இது காலி வீதி வேகம். தெற்கு அதிவேகப் பாதையில் 100 இல் போனால் சக்தி நான்கு மடங்கு.

எனவே பின் சீட்டின் கொளுக்கி இரண்டு பக்கமும் உறுதியாகப் பூட்டுகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் கம்பித் தடுப்பு, அதற்கு மேலாக நாய்க்கு மார்புப் பட்டியும் போட்டு, தரையிலுள்ள பொருள் கட்டும் வளையத்தில் குட்டையாகக் கட்டுங்கள். கழுத்துப் பட்டியில் ஒருபோதும் கட்டக்கூடாது.

பிள்ளையின் சீட்டைக் காரோடு நேரே பூட்டும் ஐசோபிக்ஸ் கொளுக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். 121 இல் எல்லாவற்றிலும் அதை எதிர்பார்க்க முடியாது. சீட்டின் மடிப்புக்குள் விரலை விட்டால் இரும்பு வளையம் தட்டுப்படும்.

இன்னொன்று. காற்று வேண்டும் என்று டிக்கிக் கதவைச் சற்றே திறந்தபடி கட்டிக்கொண்டு ஓடுபவர்களை மருதானையில் கண்டிருக்கிறேன். பின்னால் சுழலும் காற்று புகைக்குழாயின் புகையை உள்ளே இழுத்துவரும். நாய்க்கும் கூடாது, உங்களுக்கும் கூடாது.

நுகேகொடை_வாணி (ஞாயிறு, காலை 8.02)

சேர், கணக்கைப் பார்த்துப் பயந்துபோய்க் காலையில் எழும்பி என் இரண்டு பேரின் பட்டியையும் பார்த்தேன்!

தடுப்புக்கு ஒரு வழி: தொங்கவிடும் துணி வலை வேண்டாம், பெரிய நாய் ஒரே நாளில் கிழித்துவிடும். நான் ஒரு வெல்டிங் கடையில் அளவு கொடுத்துச் சதுரக் குழாயில் சட்டம் அடித்து, நடுவில் கம்பி வலை வைத்தேன். சீட்டின் தலையணைக் கம்பிகளில் கிளாம்ப் போட்டுப் பூட்டுகிறது, கார் உடம்பில் துளை போடவே இல்லை. விளிம்புகளுக்கு ரப்பர் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் கிறீச் கிறீச் என்று உயிரை வாங்கும்.

பஞ்சிகாவத்தை_ரசிகன் (ஞாயிறு, காலை 9.40)

கொழும்பில் வாங்குவதானால் துருவையும் வெள்ளத்தையும் பாருங்கள். கடலோரத்தில் நின்ற காரில் உப்புக் காற்று முதலில் பிடிப்பது டிக்கிக் கதவின் கீழ் விளிம்பை. பிறகு ஸ்பெயார் டயர்ப் பள்ளம். விரிப்பைத் தூக்கி, டயரைக் கழற்றி, அடியில் டோர்ச் அடியுங்கள். தண்ணீர்க் கோடு, சேறு, பூஞ்சணம் எதுவாக இருந்தாலும் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் பின் லைட்டின் ரப்பரோ கதவு ரப்பரோ கசிந்திருக்கும், அது சின்ன வேலை.

வெள்ளத்தில் நின்ற கார் வேறு சாதி. 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எத்தனை கார் கூரை வரை போயின என்று ஞாபகம் இருக்கும். அவை எல்லாம் கழுவித் துடைத்து எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுங்கள், கடைசி முழத்தில் பழுப்புக் கோடு இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். சீட் ஓடும் தண்டவாளத்திலும் பெடலின் முளைகளிலும் துரு எப்படி என்று பாருங்கள்.

2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார் இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கார்களை உழுதுவிட்டார்கள். பத்துக் கை மாறியிருக்கும், ஆனால் பதிவுப் புத்தகத்தில் இன்னும் மூன்றாவது ஆளின் பெயர். பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட தாளோடு கைமாறும் ஓப்பின் பேப்பரில் வாங்கவே வாங்காதீர்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அதை நீக்கிய கடிதம் கையில் வந்த பிறகே பணம். மீட்டரை நம்பாதீர்கள், ஸ்டியரிங் தோலையும் பிரேக் பெடலின் ரப்பரையும் நம்புங்கள்.

சும்மா_ஒருவன் (ஞாயிறு, காலை 9.55)

ஐரோப்பியக் கார் யாருமே சொல்லவில்லை? ஒரு பழைய வொல்வோ ஸ்டேஷன் வாகன் விளம்பரத்தில் பார்த்தேன். விலை மலிவு, டிக்கியில் ஒரு யானைக்குட்டியே படுக்கும்.

கொட்டாஞ்சேனை_பாஸ் (ஞாயிறு, காலை 10.10)

மலிவாகத்தான் இருக்கும் தம்பி. ஒரு சென்சருக்கு மூன்று கிழமை காத்திருக்கும்போது ரெக்ஸ் நடந்துதான் போவான்.

ரெக்ஸ்_அப்பா (செவ்வாய், இரவு 9.20)

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு பின்னேரம் இரண்டு கார் பார்த்தோம், ரெக்ஸையும் கூட்டிக்கொண்டுதான்.

முதலாவது கொட்டாவையில் ஒரு 165 ஹைபிரிட் பீல்டர். வெள்ளை, பார்க்க அழகு, கேட்கும் விலை என் கணக்குக்குக் கொஞ்சம் மேலே. பாஸ் அண்ணா சொன்ன அந்த வாயை டோர்ச் அடித்துப் பார்த்தேன். நாய் மயிர் இல்லை, ஆனால் கறுப்புத் தூசு தடிப்பாக அடைத்திருந்தது. "இது எப்போது சுத்தம் செய்தது?" என்று கேட்டதற்கு, அங்கே அப்படி ஒன்று இருப்பதே உரிமையாளருக்குத் தெரியாது. ஸ்கேன் பண்ணலாமா என்றதும் முகம் மாறியது. "கார் நல்லாத்தான் ஓடுது, பிறகு எதுக்கு ஸ்கேன்?" என்றார். அப்படியே வந்துவிட்டோம்.

இரண்டாவது இரத்மலானையில் 141, 2008, வெள்ளிச் சாம்பல் நிறம். ஒரு ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் வைத்திருக்கிறார், புத்தகத்தில் அவர் பெயர்தான், லீசிங் இல்லை. சிவிடி ஒயில் மாற்றிய பில் கோப்பில் இருந்தது. சீட் பெல்ட் சுத்தம், ஐசோபிக்ஸ் வளையம் தட்டுப்பட்டது, பின் கண்ணாடிகள் கறுப்பு. ஸ்பெயார் டயர்ப் பள்ளத்தில்தான் பிரச்சினை: ஒரு பக்கம் கொஞ்சம் ஈரம், உள்ளங்கை அளவுக்குத் துரு. டிக்கிக் கதவின் கீழ் விளிம்பிலும் பெயின்ட் இரண்டு இடத்தில் பொங்கியிருக்கிறது. கடலுக்குக் கிட்ட வீடு.

ரெக்ஸ் என்ன செய்தான் என்றால், டிக்கியைத் திறந்ததும் முன்கால் இரண்டையும் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான், மிச்சத்தை நீ தூக்கு என்பது போல. மனைவி உள்ளே ஒரு மாரி பிஸ்கட் வைத்ததும் தானாகவே ஏறிவிட்டான். நின்றால் தலையைக் கொஞ்சம் குனிய வேண்டும், வாணி அக்கா சொன்னது சரி. ஆனால் அவன் நிற்கவே இல்லை. குறுக்காகப் படுத்தான், முதுகு சீட்டிலும் கால்கள் கதவிலும். உரிமையாளரின் மனைவி வந்து அவனைத் தடவிவிட்டு, "இவன் வாங்கிட்டான் போல" என்று சிரித்தார்.

அந்தத் துரு எப்படி? பயப்பட வேண்டுமா?

கொட்டாஞ்சேனை_பாஸ் (செவ்வாய், இரவு 9.48)

முதலாவதை விட்டது சரி. ஸ்கேனுக்குப் பயப்படும் ஆளிடம் எனக்கும் பயம்.

இரண்டாவதில் ஒரு ஸ்குரூடிரைவரின் பின்பக்கத்தால் துருவில் தட்டிப்பாருங்கள். ‘டங்’ என்று இரும்புச் சத்தம் வந்தால் மேல் துருதான், சுரண்டி, துரு மருந்து பூசி, பெயின்ட் அடித்தால் போதும். ‘பொத்’ என்று அமுங்கினால் தகடு போட வேண்டும், அதற்கு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பின் சக்கரம் பூட்டியிருக்கும் சட்டப் பக்கம் துரு இருந்தால் மட்டும் வேண்டாம். அதை லிப்ட்டில் ஏற்றித்தான் பார்க்கலாம்.

ஈரத்துக்குப் பெரும்பாலும் பின் லைட்டின் ரப்பர். ஒருவர் டிக்கிக்குள் டோர்ச்சோடு இருக்க, இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸால் தண்ணீர் அடியுங்கள். எங்கே சொட்டுகிறது என்று கண்ணால் தெரியும். உள்ளே இருக்கப்போகிறவர் ரெக்ஸ் இல்லை, நீங்கள்தான்.

ஹைபிரிட்_குமார் (செவ்வாய், இரவு 10.05)

எனக்கு இன்னும் ஹைபிரிட்தான் பிடிக்கும், ஆனால் கொட்டாவைக் காரை நானும் வாங்கமாட்டேன். பில்லோடு, விற்கிறவரின் சொந்தப் பெயரோடு 141 கிடைப்பது இந்தக் காலத்தில் இலேசில்லை. பெற்றோல் செலவை மட்டும் மனைவியிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

மிருகவைத்தியர்_கொழும்பு6 (புதன், காலை 7.15)

பிஸ்கட்டுக்கு ஏறுகிற நாய் எல்லாவற்றுக்கும் ஏறும். யாழ்ப்பாணப் பயணத்துக்கு முன் மூன்று நான்கு மணித்தியாலம் சாப்பாடு கொடுக்க வேண்டாம், தண்ணீர் மட்டும். முதலில் நின்ற இடத்தில் டிக்கியில் படுக்கப் பழக்குங்கள், பிறகு வெள்ளவத்தை வரை, பிறகு நீர்கொழும்பு வரை. முதல் ஓட்டமே ஏ9 என்றால் வாந்தி எடுத்து, அப்புறம் காரைக் கண்டாலே மேசைக்கு அடியில் ஒளிவான்.

ரெக்ஸ்_அப்பா (சனி, மாலை 5.30)

லிப்ட்டில் ஏற்றிப் பார்த்தாயிற்று. சட்டம் சுத்தம், பள்ளத்தில் ‘டங்’ சத்தம்தான். ஹோஸ் அடித்தபோது இடது பின் லைட்டின் மூலையிலிருந்து சொட்டியது. உரிமையாளர் அதைக் கண்ணால் பார்த்ததால் வாக்குவாதமில்லாமல் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். செவ்வாய் இருவருமாக நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய்ப் பெயர் மாற்றப் போகிறோம். புகைப் பரிசோதனையும் வருமான அனுமதிப்பத்திரமும் இன்னும் ஏழு மாதத்துக்கு உண்டு.

வாணி அக்கா, அந்த வெல்டிங் கடை எங்கே? டிக்கித் தரைக்குச் செயற்கைத் தோல் விரிப்புத் தைக்க ஒரு குஷன் கடையும் தேவை, சீட் முதுகு வரை ஏறி வருகிற மாதிரி.

நுகேகொடை_வாணி (சனி, மாலை 5.52)

தனிமடலில் அனுப்புகிறேன். செயற்கைத் தோல் வழவழப்பாக இருக்கும், வளைவில் நாய் வழுக்கிப்போகும். மேலே ஒரு ரப்பர் மெட் போடுங்கள். மயிர் எடுக்கப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை ஈரமாக்கித் தேயுங்கள், வக்கியூமில் வராததும் உருண்டு வரும். டாஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி பில்டரையும் வாங்கின கையோடு மாற்றிவிடுங்கள்.

பஞ்சிகாவத்தை_ரசிகன் (சனி, மாலை 6.10)

இடது பின் லைட் ரப்பர் தனியாகக் கிடைக்காவிட்டால் லைட்டோடு சேர்த்துப் பாவித்தது எடுங்கள். 2008 ஒக்டோபருக்கு முன் வந்ததா பின் வந்ததா என்று செசி நம்பரைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள், நடுவில் முகம் மாற்றினார்கள். பழைய லைட்டையும் கையில் கொண்டுபோனால் சண்டையே வராது.